கம்பெனி கொடுக்கிறவர்கள்

(இந்த வாரத் தபாலில் பாதிக்கு மேல் புகை பற்றிய கேள்விகள். ஒரு உறையைப் பிரித்தால் உள்ளே கொஞ்சம் சாம்பலும் இருந்தது. கை தவறி விழுந்ததா, வாசகரின் கருத்தா, தெரியவில்லை. கேட்டவர்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். நம் ஊரில் யார் எந்தப் பெட்டிக்கடையில் எவ்வளவு பாக்கி என்பது வரை எல்லோருக்கும் தெரியும்.)

'மஞ்சள் பாக்கெட்', ராபர்ட்சன்பேட்டை

கே: நான் பிறந்தது கோலார் கோல்டு ஃபீல்ட்ஸ். பிடிப்பது கோல்டு ஃபிளேக். பொருத்தம் எப்படி?

ப: பத்துப் பொருத்தமும் இருக்கிறது. இரண்டிலும் தங்கம் வேறு யார் வீட்டுக்கோ போகிறது, தூசி மட்டும் நமக்கு.

'சாம்பியன் ரீஃப் பேரன்'

கே: என் தாத்தா முப்பது வருஷம் அண்டர்கிரவுண்டு வேலை பார்த்தார். ஒரு நாளைக்கு இரண்டு கட்டு பீடி. எண்பத்திரண்டு வயது வரை கல்லு மாதிரி இருந்தார். டாக்டர்கள் சும்மா பயமுறுத்துகிறார்களா?

ப: தாத்தாவுக்கு என் வணக்கம். அவர் பிழைத்தார், அதனால் கதை கிடைத்தது. எண்பத்திரண்டு வரை இருந்தவர் திண்ணையில் உட்கார்ந்து பேரனுக்குக் கதை சொல்வார். அவரோடு அதே கூண்டில் இறங்கி, நாற்பத்தெட்டு வயதில் இருமி இருமிப் போனவர் பேரனையே பார்க்கவில்லை. அவர் சார்பில் எனக்குக் கேள்வி எழுத யார் இருக்கிறார்கள்?

எண்களைச் சொல்கிறேன். 1940களில் நம் சுரங்கத் தொழிலாளர்கள் 7,653 பேரைப் பரிசோதித்தார்கள். நூற்றுக்கு 43.7 பேருக்கு சிலிகோசிஸ். பாறையைத் துளைக்கும்போது பறக்கிற சிலிக்காத் தூள் கண்ணுக்குத் தெரியாத அளவு பொடி. மூக்கு முடியில் சிக்குகிற பெரிய தூசி தும்மலோடு வெளியே வந்துவிடும். இது நுரையீரலின் கடைசி அறை வரை போய் உட்காரும். அங்கே காவல் காக்கிற செல் அதை விழுங்கும், விழுங்கிய செல் செத்துப்போகும், செத்த இடம் தழும்பாகும். தழும்பு விரியாது, சுருங்காது. மூச்சு விடுவதற்கான இடம் வருஷா வருஷம் குறையும். அப்படிப்பட்ட நுரையீரலில் காசநோய் சுலபமாகக் குடியேறும்.

அதன் மேல்தான் பீடி. சென்னையிலும் விழுப்புரம் மாவட்டக் கிராமங்களிலும் இறந்த 43,000 ஆண்களின் விவரத்தைத் திரட்டி, உயிரோடிருந்த 35,000 ஆண்களோடு ஒப்பிட்டு, டாக்டர் கஜலட்சுமியும் அவருடைய சகாக்களும் 2003இல் லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள். புற்றுநோய்தான் பெரிதாக வரும் என்று நாம் நினைப்போம். வந்தது காசநோய். புகைத்தவர்கள் காசநோயில் இறந்தது, புகைக்காதவர்களைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். லண்டன்காரனுக்கு சிகரெட் என்றால் கேன்சர் ஞாபகம் வரலாம், நமக்கு டி.பி. வார்டு ஞாபகம் வர வேண்டும்.

உங்கள் தாத்தா தப்பியது உண்மை. கண்ணை மூடிக்கொண்டு ரோட்டைக் கடந்தவர்களிலும் சிலர் அந்தப் பக்கம் போய்ச் சேர்வார்கள்.

'பென்ஷன் இல்லாதவர்', மாரிக்குப்பம்

கே: எங்கள் நெஞ்சைக் கெடுத்தது கம்பெனித் தூசி. இப்போது எல்லோரும் பீடியைப் பிடித்துக்கொண்டு, "நீதானே பிடித்தாய்" என்கிறார்கள். நியாயமா?

ப: நியாயமில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் சிரிக்காமல் பதில் சொல்கிறேன்.

1880இல் ஜான் டெய்லர் கம்பெனி வந்தது. வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம், தருமபுரிப் பக்கமிருந்தும் பஞ்சத்துக்கும் சாதிக் கொடுமைக்கும் தப்பி வந்த நம் முன்னோரை, மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறக்கியது. பிறகு அரசாங்கம் எடுத்தது, 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் ஆனது, 2001 பிப்ரவரி 28 அன்று மூடியது. இந்த நூற்று இருபது வருஷத்தில் எந்தத் தொழிலாளியும் தூசியை விலைக்குக் கேட்டு வாங்கவில்லை. அதற்குப் பொறுப்பு வேலை கொடுத்தவருடையது. ஒருவர் வாயில் பீடி இருந்தது என்பதற்காக அந்தக் கணக்கு தள்ளுபடி ஆகாது.

ஆனால் மருத்துவம் யாருக்கும் பரிந்து பேசாது. சிலிக்காத் தூளையும் 1997இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் வகையில், புகையிலையோடு ஒரே வரிசையில் சேர்த்தது. இரண்டும் ஒரே நெஞ்சில் சேர்ந்தால் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும். தூசி விட்ட இடத்திலிருந்து பீடி ஆரம்பிக்கும். தூசி கம்பெனியின் குற்றம், அதை நாம் திரும்ப வெளியே எடுக்க முடியாது. பீடி ஒன்றுதான் நம் கையில் இருக்கிறது, சொல்லப்போனால் இரண்டு விரலுக்கு நடுவில். கம்பெனி மேல் உள்ள வழக்கை விடாதீர்கள், பீடியை மட்டும் விடுங்கள்.

'இலை பக்தர்', ஆண்டர்சன்பேட்டை

கே: சிகரெட் பேப்பர், கெமிக்கல். பீடி இலை, இயற்கை. சரிதானே?

ப: எட்டிக்காயும் இயற்கை. பீடியில் புகையிலை கொஞ்சம்தான், ஆனால் அடிக்கடி அணையும். அணையாமல் இருக்க இன்னும் பலமாக, இன்னும் அடிக்கடி இழுப்பீர்கள். 2008இல் வந்த இந்திய ஆய்வின்படி பீடி பிடிக்கிற ஆணுக்கு ஆயுளில் சராசரியாக 6 வருஷம் குறைகிறது, பெண்ணுக்கு 8, சிகரெட் பிடிக்கிற ஆணுக்கு 10. ஆறுக்கும் பத்துக்கும் நடுவில் பேரம் பேசப் புறப்பட்டவர் இந்தச் சந்தைக்கே வந்திருக்க வேண்டாம்.

'ஓர் அம்மா', ஊரிகாம்

கே: பையனுக்குப் பத்தொன்பது வயது. பி.காம். சட்டைப் பையில் லைட்டர் இருந்தது. கேட்டால், "எல்லாரும்தான்மா அடிக்கிறாங்க, ஸ்டைலு" என்கிறான். அடிக்கவா, அழவா?

ப: இரண்டும் வேண்டாம் அம்மா, லைட்டரை எடுத்து அடுப்படியில் வைத்துக்கொள்ளுங்கள், கேஸ் பற்றவைக்க உதவும்.

ஸ்டைல் என்று அவன் சொல்வதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பெங்களூரில் பஸ் கண்டக்டராக இருந்த ஒருவர் சென்னைக்குப் போய், சிகரெட்டைத் தூக்கிப்போட்டு வாயில் பிடித்தே மூன்று தலைமுறைப் பையன்களைக் கண்ணாடி முன்னால் நிற்க வைத்தார். எத்தனை பேர் உதட்டைச் சுட்டுக்கொண்டார்கள் என்று கணக்கெடுத்தவர் இல்லை. 2002இல் 'பாபா' வந்தபோது அதைக் கண்டித்துப் பெரிய கலாட்டாவே நடந்தது. 2007இல் 'சிவாஜி'யில் அவர் சிகரெட்டை விட்டுவிட்டுச் சூயிங் கம்மைத் தூக்கிப்போட்டார். விசில் குறைந்ததா? இல்லையே. அப்படியானால் ஸ்டைல் இருந்தது ஆளிடம், சிகரெட்டில் இல்லை. இதைப் பையனிடம் சொல்லுங்கள், ரஜினி பெயரைச் சொன்னால் கேட்பான்.

நம் ஊர்ப் பெயரிலேயே வந்த படத்தையும் சொல்லாமல் விட முடியாது. 'கே.ஜி.எஃப்' இரண்டாம் பாகத்தின் டீசர் 2021 ஜனவரியில் வந்தது. நாயகன் சுட்டுத்தள்ளிய மெஷின் கன் குழாய் பழுக்கக் காய்ந்திருக்கிறது, அதில் சிகரெட் பற்றவைக்கிறார். கர்நாடக சுகாதாரத் துறையின் புகையிலைக் கட்டுப்பாட்டுப் பிரிவு உடனே நோட்டீஸ் அனுப்பியது. எனக்கு அதில் வேறொரு வருத்தம். நிஜ கே.ஜி.எஃப்பில் தலைமுறை தலைமுறையாகப் பாறைச் சூட்டில் வெந்து வேலை செய்தும் ஒருவரும் அவ்வளவு அழகாக மூச்சு விட்டதில்லை.

பையன் 'எல்லாரும்' என்கிறானே, அது தப்பு. 2016-17இல் மத்திய அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் வயது வந்த ஆண்களில் புகைப்பவர்கள் நூற்றுக்கு 19 பேர். பெண்களையும் சேர்த்தால் 10.7. டீக்கடை ஓரத்தில் நிற்கிறவனுக்கு உலகமே புகைப்பது போலத் தெரியும். நிற்கிற இடம் அப்படி.

இன்னொன்று. கர்நாடகத்தில் 21 வயதுக்குக் கீழே உள்ளவருக்கு சிகரெட் விற்கவே கூடாது. கடைக்காரர் யார் என்று நைசாகக் கேட்டு வையுங்கள். அடுத்த கேள்வியை அவர்தான் அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன்.

'பெட்டிக்கடை', பஸ் ஸ்டாண்டு பக்கம்

கே: சில்லறையாக ஒரு சிகரெட் விற்கக் கூடாதாமே? முழு பாக்கெட் வாங்க இந்த ஊரில் எவனிடம் காசு இருக்கிறது?

ப: கரெக்ட்டாகப் பிடித்தீர்கள், சட்டம் போட்டவர்களின் எண்ணமும் அதுதான். கர்நாடகத் திருத்தச் சட்டம் 2025 மே 30இல் அமலுக்கு வந்தது. ஒற்றை சிகரெட் விற்பனை இல்லை, 21 வயது ஆகாதவருக்கு விற்பனை இல்லை, பள்ளி கல்லூரிக்கு 100 மீட்டருக்குள் கடை இல்லை. பொது இடத்தில் புகைத்தால் முன்பு 200 ரூபாய் அபராதம், இப்போது 1,000 வரை.

பத்தொன்பது வயதுப் பையன் முதல் சிகரெட்டைப் பாக்கெட்டாக வாங்குவதில்லை. ஒன்றே ஒன்று வாங்கி, உங்கள் கடையில் தொங்குகிற கயிற்று நெருப்பில் பற்றவைத்து, பாதியை நண்பனுக்குக் கொடுப்பான். அந்தக் கயிறுதான் இந்த ஊரில் எத்தனையோ பேருக்குப் பள்ளிக்கூடம். முழு பாக்கெட்டை வாங்கினால் ஒளித்துவைக்க இடம் வேண்டும், அதற்குள் அம்மா பார்த்துவிடுவாள்.

உங்கள் வயிற்றுப்பாட்டை நான் அறியாமல் இல்லை. மைன்ஸ் மூடிய பிறகு, வந்த பணத்தில் பெட்டிக்கடை போட்டவர்கள் எத்தனையோ பேர். கடலை மிட்டாயில் லாபம் குறைவுதான். ஆனால் அதை வாங்குகிற வாடிக்கையாளர் நீண்ட நாள் வருவார்.

'எல்லைச்சாமி', பேத்தமங்கலம்

கே: பக்கத்திலேயே ஆந்திரா. அங்கே போய் ஒற்றை வாங்கிக்கொண்டால்?

ப: ஒரு சிகரெட்டுக்கு ஒரு மாநிலம் தாண்டுகிறீர்கள். இதற்கு மேல் அடிமைத்தனத்துக்கு நான் விளக்கம் எழுத வேண்டுமா?

'ஆறு மணி வண்டி', கோரமண்டல்

கே: விடியற்காலையில் ரயில் ஏறி பெங்களூரு, ராத்திரி திரும்பி வீடு. செக்யூரிட்டி வேலை. டென்ஷனுக்கு ஒரு தம் இல்லாவிட்டால் தலை வெடிக்கும். தவிர, கதவுப் பக்கம் நம்ம செட்டு நிற்கும், அவர்களுக்குக் கம்பெனி கொடுக்க வேண்டாமா?

ப: கம்பெனி! இந்த ஊரில் இந்த வார்த்தைக்கு இரண்டு அர்த்தம். ஒரு கம்பெனிக்குத் தாத்தா நெஞ்சைக் கொடுத்தார். இப்போது பேரன் கம்பெனி கொடுக்கிறார்.

டென்ஷன் விஷயத்தை முதலில் முடிக்கிறேன். நிகோடின் இழுத்த பத்து இருபது விநாடியில் மூளைக்குப் போய்விடும், கொஞ்ச நேரத்தில் இறங்கவும் ஆரம்பிக்கும். இறங்கும்போது கை பரபரக்கும், எரிச்சல் வரும், மேஸ்திரி முகத்தைப் பார்த்தால் அறையத் தோன்றும். அடுத்த தம் அடித்தால் அடங்கும். அடங்கியது மேஸ்திரி கொடுத்த டென்ஷன் அல்ல, போன தம் கொடுத்த டென்ஷன். காலில் முள் குத்தி வைத்துவிட்டு, ஒரு மணிக்கு ஒருதரம் எடுத்துவிட்டு, 'அப்பாடா' என்பது போல. பகலெல்லாம் முள்ளை எடுக்கிற சுகத்திலேயே போய்விடுகிறது.

செட்டு விஷயம் அதைவிடக் கஷ்டம். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். மைன்ஸ் இருந்தபோது ஷிஃப்டு முடிந்து மேலே வந்தவர்கள் சேர்ந்து நிற்க ஓர் இடம் இருந்தது, ஒரு சங்கு இருந்தது, ஒரு யூனியன் இருந்தது. இப்போது ஆயிரக்கணக்கான பேர் நூறு கிலோமீட்டர் போய், ஒருவரை ஒருவர் தெரியாத ஊரில் பகலைத் தள்ளிவிட்டு வருகிறார்கள். ரயில் கதவோரத்து அரை மணிதான் அவர்களுடைய யூனியன் ஆபீஸ். அதற்குச் சந்தா ஒரு சிகரெட். நெருப்புக் கேட்பது ஒரு சாக்கு, பேச்சு ஆரம்பிக்கத்தான். சிகரெட்டின் மேல் யாருக்கும் காதல் இல்லை, நெருப்பு கேட்கிற அந்த நிமிஷத்தின் மேல்தான். இது சிகரெட் கம்பெனிகளுக்கு நமக்கு முன்னாலேயே தெரியும். அதனால்தான் அவர்களுடைய பழைய விளம்பரங்களில் ஒருவர் தனியாக நின்று இருமுவது போல் ஒரு படமும் கிடையாது.

செட்டை விடாதீர்கள். சந்தாவை மாற்றிப் பாருங்கள். வறுத்த வேர்க்கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு அதே கதவோரத்தில் நில்லுங்கள். நாலு நாள் கிண்டல் செய்வார்கள். ஐந்தாம் நாள் பொட்டலத்துக்குள் எத்தனை கை வருகிறது என்று எனக்கு எழுதுங்கள். ஞாபகம் இருக்கட்டும், ரயில் பெட்டியில் புகைப்பது ரயில்வே சட்டம் 167ஆம் பிரிவின்படி குற்றம். வேர்க்கடலைக்குப் பிரிவு எதுவும் இல்லை.

'மேட்டுத் தெரு', சாம்பியன் ரீஃப்

கே: ஆடிக் காற்றில் சயனைடு மேட்டுத் தூசி சோற்றிலேயே விழுகிறது. அதைவிடவா ஒரு சிகரெட்?

ப: தங்கத்தைத் தூளிலிருந்து பிரிக்க சயனைடு கரைசலில் ஊறவைத்தார்கள், மிச்சத்தை மலை மலையாகக் கொட்டிவிட்டுப் போனார்கள். அதை மூடச் சொல்லி, மரம் நடச் சொல்லி மனுக் கொடுங்கள், நானும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் சிகரெட் புகையிலும் ஹைட்ரஜன் சயனைடு இருக்கிறது என்பது தெரியுமா? கூடவே கார்பன் மோனாக்சைடு, ஆர்செனிக், இன்னும் ஏழாயிரம் சாமான். அதில் குறைந்தது எழுபது புற்றுநோய் தரக்கூடியவை. மேட்டிலிருந்து காற்று கொண்டுவருகிற தூசிக்கு எதிராக மனுக் கொடுக்கிற அதே ஆள், காசு கொடுத்துத் தனியாக ஒரு சின்ன சயனைடு மேட்டைப் பாக்கெட்டில் வைத்திருக்கிறார். அதிகாரி அதைப் பார்த்துவிட்டால் மனு நிற்குமா?

'இருபத்து நான்கு', பெங்களூரில் ஐ.டி., ஊர் ராபர்ட்சன்பேட்டை

கே: ஆபீஸ் வாசலில் பெண்கள் புகைத்தால் மட்டும் எல்லோரும் முறைக்கிறார்கள். எங்களுக்கு உரிமை இல்லையா?

ப: முறைப்பவர் கையிலும் ஒன்று புகைந்துகொண்டிருக்கும், கவனித்திருப்பீர்கள். ஆணின் நுரையீரலுக்கு ஒரு சட்டம், பெண்ணுடையதற்கு ஒரு சட்டம் என்று நான் எழுத மாட்டேன்.

ஆனால் அந்த உரிமைப் பேச்சுக்கு ஒரு பூர்வீகம் உண்டு. 1929 ஈஸ்டர் அன்று நியூயார்க் ஊர்வலத்தில் சில இளம்பெண்கள் எல்லோரும் பார்க்க சிகரெட் பற்றவைத்தார்கள். பேப்பர்கள் அதை 'விடுதலைத் தீபம்' என்று எழுதின. ஏற்பாடு செய்தவர் எட்வர்டு பெர்னேஸ் என்கிற விளம்பர நிபுணர். அவருக்குச் சம்பளம் கொடுத்தது சிகரெட் கம்பெனி. பாதி உலகம் இன்னும் வாடிக்கையாளர் ஆகவில்லையே என்பதுதான் அவர்களுடைய பெண்ணுரிமைக் கவலை. உங்கள் பாட்டிகள் இந்த ஊரில் மைன்ஸ் குடும்பத்தைக் கட்டி இழுத்தவர்கள். அவர்களுக்குத் தீபம் கொடுக்க ஒரு கம்பெனியும் வரவில்லை.

'பென் டிரைவ்', பெமல் நகர்

கே: வேப்?

ப: 2019இலேயே நாடு முழுக்கத் தடை. பென் டிரைவ் போல இருந்தாலும் போலீஸ்காரர் கம்ப்யூட்டரில் சொருகிப் பார்க்க மாட்டார்.

'சாவு வீட்டுக்குப் போய் வந்தவன்', மாரிக்குப்பம்

கே: நெஞ்சு வியாதியில் போன பெரியப்பா வீட்டில், வந்தவர்களுக்குத் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பீடிக்கட்டும் சிகரெட்டும் வைத்தார்கள். எடுப்பதா, வேண்டாமா என்று கை நின்றுவிட்டது.

ப: உங்கள் கை உங்களைவிட விவரமானது. விழித்திருக்கவும் துக்கத்தில் கை சும்மா இல்லாதிருக்கவும் யாரோ ஆரம்பித்த வழக்கம். பறை முழங்க, பந்தலில் இருபது பேர் இழுத்து விட, போனவரைக் கொன்ற சாமானையே அவர் பெயரால் விநியோகம் செய்கிறோம். பாம்பு கடித்துச் செத்தவர் வீட்டில் ஆளுக்கொரு பாம்பு கொடுப்போமா? அடுத்த முறை நீங்களே தட்டு வாங்கி வையுங்கள். வெற்றிலை, பாக்கு, சுக்கு காப்பி. ஒரு கிழவர் கட்டாயம், "பீடி எங்கேடா?" என்பார். "பெரியப்பா எடுத்துட்டுப் போயிட்டாரு" என்று சொல்லிவிடுங்கள்.

'ஐம்பத்தெட்டு', நந்திதுர்க்

கே: நாற்பது வருஷப் பழக்கம். இனி விட்டு என்ன ஆகப் போகிறது?

ப: இங்கிலாந்தில் ரிச்சர்டு டால் என்கிற டாக்டர் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணம் தேடினார். முதலில் அவர் சந்தேகப்பட்டது ரோட்டுத் தாரை. ஆராய்ந்தால் சிகரெட் வந்து நின்றது, அவரும் அதை விட்டுவிட்டார். 1951இலிருந்து ஐம்பது வருஷம் பிரிட்டிஷ் டாக்டர்களையே பின்தொடர்ந்தார். புகைப்பவர்களுக்குச் சராசரியாகப் பத்து வருஷம் குறைந்தது. ஆனால் முப்பதில் விட்டவருக்குக் கிட்டத்தட்ட அந்தப் பத்தும் திரும்ப வந்தது. நாற்பதில் விட்டவருக்கு 9, ஐம்பதில் 6, அறுபதில் 3. உங்களுக்கு மூன்றுக்கு மேலேயே பாக்கி இருக்கிறது. பி.எஃப். பாக்கிக்காக எத்தனை வருஷம் ஆபீஸ் ஆபீஸாக நடந்தோம்? இதற்கு நடக்கக்கூட வேண்டாம்.

விட்ட முதல் மூன்று நாள் நரகம், அதைப் பொய் சொல்லி மறைக்க மாட்டேன். அந்த ஆசை ஒவ்வொரு தடவையும் சில நிமிஷம்தான் உச்சத்தில் இருக்கும். தண்ணீர் குடியுங்கள், எழுந்து நடங்கள், பழைய டீக்கடை வழியாக மட்டும் நடக்காதீர்கள். நிகோடின் சூயிங் கம்மை சாதாரண கம் மாதிரி மென்று தள்ளக் கூடாது. நாலு மெல்லு, கன்னத்தில் ஒதுக்கு, பிறகு மெல்லு. மருந்துக்கடைக்காரரைவிட டாக்டரைக் கேட்டு அளவு தெரிந்துகொள்வது நல்லது. 1800-11-2356 என்ற இலவச எண் சிகரெட் பாக்கெட்டின் மேலேயே இருக்கிறது, பெங்களூரு நிம்ஹான்ஸிலும் அதற்கு ஒரு மையம் உண்டு. நாற்பது வருஷமாகக் கையில் வைத்திருந்த பாக்கெட்டில் படத்தைத்தான் பார்க்காமல் திருப்பிவைத்தீர்கள், எண்ணையாவது படியுங்கள்.

'உளவாளி', ஆண்டர்சன்பேட்டை

கே: இவ்வளவு பேசுகிறீர்களே, நீங்கள் பிடித்ததே இல்லையா?

ப: பதினேழு வருஷம் பிடித்தேன். மைன்ஸ் மூடிய வருஷத்தில்தான் அதிகம். வேலை போனவர்கள் சேர்ந்து நின்றால் வேறென்ன செய்வோம், ஆளுக்கு ஒன்று பற்றவைத்தோம். அப்போது கூட நின்ற ஏழு பேரில் இப்போது பார்க்கக் கிடைக்கிறவர்கள் மூன்று பேர். ஞாயிறு சாயங்காலம் மைதானத்தின் பக்கத்துச் சுவரில் உட்கார்ந்திருப்போம். வேர்க்கடலை யோசனை அங்கேயிருந்து வந்ததுதான்.

'பேப்பர் வாசகி', கோரமண்டல்

கே: போன இதழைக் கிழித்துச் சுருட்டி, அடுப்பில் பிடித்துத்தான் என் வீட்டுக்காரர் பீடி பற்றவைத்தார். என்ன செய்யலாம்?

ப: எந்தப் பக்கம் என்று எழுதவில்லையே. தலையங்கம் என்றால் ஆசிரியருக்குச் சொல்ல வேண்டாம். என் பக்கம் என்றால் இந்த வாரம் அவர் கையில் பேப்பரைக் கொடுக்குமுன் தண்ணீரில் நனைத்துக் கொடுங்கள். படிக்க முடியும், பற்றாது.